பிக் லைன் பராமரிப்புக்கு 12 வாரப் பணத்தை முன்பே கேட்கிறார்களா? கட்டாதீர்கள்

கோபம் ஆறுவதற்குள் எழுதுகிறேன். மையத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. காலையில் போய் கீமோ ஏற்றிக்கொண்டு மாலையில் வீடு திரும்பும் தனியார் பகல்நேர மையம் அது. மருந்து ஏற்றுவதற்காகக் கையின் ரத்தநாளத்தில் போட்டுவைக்கும் நீளமான மெல்லிய குழாய்தான் பிக் லைன். அதை வாரம் ஒருமுறை பார்த்துக்கொள்வதாக 12 வாரப் பணத்தை மொத்தமாக வாங்கிக்கொண்டார்கள். ஐந்தாவது வாரமே நோயாளியின் ரத்தத்தில் கிருமி, லைனை எடுத்தாயிற்று. கவனிக்க வேண்டிய பத்து விஷயங்களைக் கடைசியில் தருகிறேன்.

நம்ப வைத்தது கையுறைதான். தொப்பி, முகக்கவசம், கையுறை எல்லாம் மாட்டிக்கொண்டு வந்த நர்ஸ், "தினமும் இருபது லைன் பாக்குறோம்மா, கவலையே படாதீங்க" என்றார். அதைக் கேட்டுத்தான் 12 வாரப் பணமும் கட்டப்பட்டது. அதே கையுறையோடு திரையை இழுத்தார், போனை எடுத்தார், பிறகு லைனைத் தொட்டார். கையைக் கழுவிப் புதுக் கையுறை போட்டிருக்க வேண்டும்.

லைனின் முனையை ஆல்கஹால் பஞ்சால் 15 விநாடி அழுத்தித் தேய்த்து, தானாகக் காயவிட்டுத்தான் சிரிஞ்சைப் பொருத்த வேண்டும். இங்கே ஒரே ஒரு துடைப்பு, ஈரம் காயுமுன்பே சிரிஞ்சு. டிரெஸ்ஸிங் மாற்றும்போது குளோரெக்சிடின் என்ற கிருமிநாசினி கலந்த ஆல்கஹாலால் தோலை 30 விநாடி தேய்த்துக் காயவிட வேண்டும். இவர்கள் ஊதிக் காயவைத்தார்கள்! வாயில் இருப்பதெல்லாம் தோலுக்கு வந்துவிடும்.

எல்லாவற்றையும் விடக் கொடுமை சலைன் பாட்டில். ஸ்டாண்டில் ஒரு 500 மில்லி பாட்டில், மூடியில் குத்தியபடியே ஒரு ஊசி. வருகிற எல்லா நோயாளிக்கும் அதிலிருந்துதான் உறிஞ்சினார்கள். லைனைக் கழுவ ஒவ்வொருவருக்கும் 10 மில்லி சலைன், ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் தனி சிரிஞ்சில் வர வேண்டும். பொதுப் பாட்டிலில் ஒருவருடைய கிருமி விழுந்தால் அடுத்தவருடைய இதயத்துக்குப் பக்கத்திலுள்ள பெருநாளத்துக்கே நேராகப் போகும், லைனின் நுனி அங்கேதான் இருக்கிறது. இது வெறும் பயமுறுத்தல் இல்லை. 2000, 2001 ஆண்டுகளில் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் ஒரு புற்றுநோய் மையத்தில், பயன்படுத்திய சிரிஞ்சையே பொது சலைன் பையில் மறுபடி விட்டு உறிஞ்சியதால் 99 பேருக்கு ஹெபடைட்டிஸ் சி என்ற கல்லீரல் நோய்க் கிருமி தொற்றியது.

ஐந்தாவது வாரம், கீமோ முடிந்த பத்தாம் நாள். வெள்ளணுக்கள் அடிமட்டத்துக்குப் போகும் நேரம். லைனைக் கழுவிய அரை மணியில் உடம்பு தூக்கிப்போடும் குளிர் நடுக்கம், காய்ச்சல் 38.9 டிகிரி செல்சியஸ். கழுவியதும் நடுக்கம் வந்தால் முதலில் லைனைத்தான் சந்தேகிக்க வேண்டும். உள்சுவரில் படலமாக ஒட்டியிருக்கும் கிருமிகளை அந்தத் தண்ணீர் ரத்தத்துக்குள் தள்ளிவிடுகிறது.

மையத்துக்குப் போன் செய்தால், "கீமோ காய்ச்சல்தான், பாராசிட்டமால் குடுங்க, நாளைக்குப் பாக்கலாம்." லைன் போட்ட இடம் சிவக்கவில்லையே, சீழ் இல்லையே என்றும் சமாதானம். சீழ் வர, கிருமியோடு போராடும் வெள்ளணுவான நியூட்ரோபில் வேண்டும். அன்று அது ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 200தான் இருந்தது, 500க்குக் கீழே போனாலே ஆபத்து. நாளை வரை காத்திருந்தால் உயிரே போயிருக்கலாம்.

வேறொரு மருத்துவமனையின் அவசரப் பிரிவில்தான் லைனிலிருந்து ஒன்று, மறுகை ரத்தநாளத்திலிருந்து ஒன்று என்று பிளட் கல்ச்சர் (ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை) எடுத்து, ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் ஏற்றினார்கள். லைனிலிருந்து எடுத்த பாட்டிலில் கிருமி ஐந்து மணி நேரம் முந்தி வளர்ந்தது. இரண்டு மணி நேரம் முந்தினாலே லைன்தான் மூலம் என்று அர்த்தம். வளர்ந்தது ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா என்பதால் லைனைக் காப்பாற்ற வழியில்லை. அடுத்த கீமோவும் தள்ளிப்போனது.

இனி மையத்தின் பதில்களைக் கேளுங்கள். வரவேற்பில்: "வீட்டுல குளிக்கும்போது தண்ணி பட்டிருக்கும்." மேலாளர்: "லேப் ரிப்போர்ட்டை மெயில் பண்ணுங்க." மூன்று முறை அனுப்பியும் பதில் இல்லை. டிரெஸ்ஸிங் மாற்றிய தேதிப் பதிவேட்டைக் கேட்டால், "சிஸ்டத்துல ஏத்தல." கணக்குப் பிரிவில்: "பேக்கேஜ் பணம் திரும்ப வராது." மீதி ஏழு வாரத்துக்கு லைனே இல்லை, ஆனாலும் 12 வாரப் பணமும் அவர்களிடமே. புது லைனுக்குத் தனியாகக் கட்ட வேண்டியிருக்கிறது.

பத்து விஷயம் எழுத இப்போது மனம் நிலைகொள்ளவில்லை. இவை மட்டும். சிரிஞ்சு, சலைன் இரண்டையும் உங்கள் கண்முன் பிரிக்கச் சொல்லுங்கள். ஒளி ஊடுருவும் டிரெஸ்ஸிங் 7 நாள், பஞ்சுத்துணி வைத்தது 2 நாள்; ஓரம் பிரிந்தாலோ நனைந்தாலோ அன்றே மாற்ற வேண்டும், மாற்றிய தேதியை அதன்மேலேயே எழுதச் சொல்லுங்கள். காய்ச்சல் 38.3 டிகிரி செல்சியஸை ஒருமுறை தொட்டாலும், 38 ஒரு மணி நேரம் நின்றாலும், பாராசிட்டமால் கொடுத்துக் காய்ச்சலை மறைக்காமல் நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள், ராத்திரி இரண்டு மணியானாலும். பணத்தை வாரா வாரம் கட்டுங்கள். எங்கள் 12 வாரப் பணம் போனது போனதுதான்.