வேல்ஸ் போனா எந்த பப்? கடற்கரை டீ கோக்கா, மலையடி பென்-இ-குரிட்டா?

ரெண்டுமே வடக்கு வேல்ஸ்லதான், ஆனா ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்ல.

டீ கோக், போர்த்தின்லைன்ங்கிற குட்டி கிராமத்துல மணல் மேலயே நிக்கிற செங்கல் வீடு. 1842லேர்ந்து சத்திரமா ஓடுது. கிராமமே நேஷனல் டிரஸ்ட்ங்கிற பாரம்பரிய பாதுகாப்பு அமைப்பு கையில இருக்கு, வெளியாளுங்க காரை உள்ள விட மாட்டாங்க, அதனால பக்கத்து ஊரு மோர்பா நெவின்ல வண்டிய போட்டுட்டு பீச் வழியாவோ கோல்ஃப் மைதானம் வழியாவோ நடந்துதான் போகணும். வெயில் நாள்ல கூட்டம் பிச்சிக்கும். கையில பியரோட மணல்ல உக்காந்தா எதிர்ல விரிகுடா, அதுக்கு அந்தாண்ட மலை, வேற என்ன வேணும் சொல்லுங்க. மழைன்னா மட்டும் போகாதீங்க, உள்ள இடம் கம்மி.

பென்-இ-குரிட் எனக்கு ஒரு படி மேல. ஸ்னோடன் மலை அடிவாரத்துல பழைய மலையேறிகள் ஹோட்டல், 1953 எவரெஸ்ட் டீம் இங்க தங்கித்தான் பயிற்சி எடுத்தாங்க, ஹிலாரி, டென்சிங் கையெழுத்தெல்லாம் இன்னமும் கூரையில இருக்கு, அண்ணாந்து பாத்துக்கிட்டே பியர் கிளாஸை கொட்டிக்காம இருந்தா சரி. ராத்திரி சாப்பாட்டுக்கு காங் (வட்டமான வெண்கல மணி) அடிச்சு கூப்பிடுவாங்க, ஸ்கூல் ஹாஸ்டல் மாதிரி! குளிர்காலத்துல மூடியிருக்கலாம், முன்னாடியே கேட்டுக்கோங்க.

குழந்தைங்களோட பகல்ல போறவங்களுக்கு டீ கோக். மலையேறிட்டு நனைஞ்ச ஷூவோட வந்து ராத்தங்கணும்னா பென்-இ-குரிட்தான், யோசிக்கவே வேணாம்.