மடத்து மொசரெல்லா, பூஞ்சை பிரீ, கடைப் பனீர்: பெங்களூரில் எதை எங்கே வாங்கலாம்?

அல்சூரில் இருக்கும் எங்கள் வீட்டில் விருந்து என்றால், காலையிலேயே பையைத் தூக்கிக்கொண்டு சிவாஜிநகர் ரஸ்ஸல் சந்தைக்குப் போய்விடுவோம். போன மாதம் சென்னையிலிருந்து வந்த சித்தி மகள், "அக்கா, இங்கே நல்ல சீஸ் செய்கிறார்களாமே, எதை வாங்குவது?" என்று கேட்டாள். வாயால் பதில் சொல்ல முடியவில்லை. மூன்று வகையை வாங்கி ஒரே தட்டில் வைத்தேன்.

முதலில் பனீர். கொதிக்கும் பாலில் எலுமிச்சையோ வினிகரோ ஊற்றித் திரித்து, வடிகட்டி, கல்லை வைத்து அழுத்தினால் பனீர். அமிலத்தால் திரிந்த கட்டி என்பதால் சூட்டில் உருகாது. குருமாவில் அரை மணி நேரம் கிடந்தாலும் துண்டு துண்டாகவே நிற்கும். அதுதான் அதன் பெருமை, அதுதான் அதன் எல்லையும். கர்நாடகக் கூட்டுறவுப் பாலான நந்தினியின் பாலகத்தில் கிடைக்கும் பாக்கெட் பனீர் எங்கள் அன்றாடத் தேவைக்குப் போதும். உதிரியாக வெட்டித் தரும் பனீரில் மட்டும் நான் கவனமாக இருக்கிறேன். ஒரு கடையில் வாங்கியது கடித்தால் ரப்பர்போல் பின்வாங்கியது. பால் கொழுப்புக்குப் பதில் தாவர எண்ணெய் சேர்த்த போலிக் கட்டியும் சந்தையில் உண்டு. அயோடின் சொட்டு விட்டால் மாவுச்சத்து இருந்தால் நீலமாகும். எண்ணெய்க் கலப்பை அது காட்டாது. ஆகவே பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்து வாங்குவதே எனக்குத் தெரிந்த நம்பகமான வழி.

இரண்டாவது, என் மனம் கவர்ந்தது. இத்தாலியின் டஸ்கனியில் வல்லம்பரோசா என்ற மலைப்பகுதி இருக்கிறது. அங்கே 11ஆம் நூற்றாண்டில் தோன்றிய பெனடிக்டைன் என்ற கத்தோலிக்கத் துறவியர் சபையின் கிளைக்குப் பெங்களூரிலும் மடம் உண்டு. அந்த மடத்துத் துறவிகள் வல்லம்பரோசா என்ற பெயரிலேயே மொசரெல்லா, புராட்டா (உள்ளே கிரீம் வைத்த மொசரெல்லா உருண்டை), ரிகோட்டா செய்து விற்கிறார்கள். மொசரெல்லா செய்யும் விதமே வேறு. ரென்னெட் என்ற, பாலை உறையவைக்கும் நொதியைச் சேர்த்து, உறைந்த பாலை வெட்டி, சற்றுப் புளிக்கவிட்டு, கை பொறுக்காத சூட்டு நீரில் போட்டு இழுத்து மடிப்பார்கள். பரோட்டா மாஸ்டர் மாவை இழுத்து மடிப்பதைப் பார்த்தவர்களுக்கு அந்த வேலை உடனே புரியும். பிய்த்தால் நார் நாராக வருவதும், அடுப்பில் உருகி இழைவதும் அந்த இழுப்பினால்தான். உப்பு நீரில் மிதக்கும் அந்த வெள்ளை உருண்டையை அப்படியே கடித்தால் காய்ச்சிய பாலின் இனிப்புத்தான் முதலில் நாக்கில் தட்டும். புளிப்பான நாட்டுத் தக்காளி, கொஞ்சம் மிளகு, அவ்வளவு போதும்.

ரிகோட்டாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சீஸ் செய்து மிஞ்சும் தெளிநீரை மறுபடி சூடாக்கினால் அதில் தங்கிய புரதம் மேகம்போல் திரண்டு வரும், அதுதான் ரிகோட்டா. பாலில் ஒரு துளியும் வீணாக்காத அந்தப் புத்தி நம் வீட்டுப் பெரியவர்களின் புத்தி. அம்மா அதில் நாட்டுச் சர்க்கரையும் ஏலக்காயும் பிசைந்து கொழுக்கட்டைக்குப் பூரணமாக வைத்தார். தேங்காய்ப் பூரணத்தைவிட மென்மை. பிள்ளைகள் தட்டைக் காலி செய்துவிட்டார்கள்.

மூன்றாவது, பேகம் விக்டோரியா என்ற பெங்களூர்ச் சீஸ் பட்டறையின் பிரீ என்ற பிரெஞ்சு வகை மென்சீஸ். மேலே வெள்ளைப் பூஞ்சைத் தோல், உள்ளே வெண்ணெய்போல் குழையும் சதை. அந்தத் தோல் வளரக் குளிர்ச்சியும் ஈரமும் உள்ள அறையில் வாரக்கணக்கில் காக்க வேண்டும், அடிக்கடி திருப்பிப் போட வேண்டும். பெங்களூர் வெயிலில் அந்த அறையைக் குளிரவைக்கும் செலவும் சேர்வதால், விலை பனீரைப்போல் பல மடங்கு. காளான் வாசனை பிடிக்காதவர்களுக்கு இது வேண்டாம். அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. எனக்குப் பிடித்தது, அதுவும் பெங்களூர் நீலத் திராட்சையோடு. திராட்சையின் கெட்டித் தோலில் இருக்கும் துவர்ப்பு, பிரீயின் கொழுப்பை வெட்டிவிடும். சாப்பிடுவதற்கு முக்கால் மணி நேரம் முன்பே குளிர்பெட்டியிலிருந்து எடுத்து வைப்பது அவசியம். குளிர்ந்த பிரீ வாயில் சுவையே காட்டாது.

தட்டில் சீஸோடு சேரும் மற்றவற்றுக்கு எந்தச் சந்தை? மல்லேசுவரத்தில் பூவும் காயும் நன்றாக இருக்கும், ஜான்சன் சந்தைக்கு மீனுக்காகப் போகலாம். பழம், தக்காளி, புதினா எல்லாவற்றுக்கும் சேர்த்து என் ஓட்டு ரஸ்ஸலுக்குத்தான். 2012இல் தீப்பிடித்துப் பல கடைகள் எரிந்த பிறகும் அங்கே வியாபாரம் எழுந்து நின்றது. கன்னடம், தமிழ், உருது மூன்றிலும் பேரம் நடக்கும். செப்டம்பர் 8 ஆரோக்கிய மாதா திருவிழா நெருங்கும்போது, பக்கத்துப் பசிலிக்காவுக்கு வரும் காவி உடைக் கூட்டத்தில் தமிழ்தான் அதிகம் கேட்கும்.

ஆனால் அந்தச் சந்தையில் இந்தக் கைவினைச் சீஸை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. இணையத்தில் சொல்லி வீட்டுக்கு வரவழைக்க வேண்டும், இல்லையென்றால் பெரிய கடைகளைத் தேட வேண்டும். இது என்னை வருத்துகிறது. ரஸ்ஸல் சந்தை எழுந்த அதே 1927இல்தான் காந்தி பெங்களூரின் இம்பீரியல் பால்பண்ணை நிறுவனத்துக்குப் போய் மாடு வளர்ப்பைக் கற்றுக்கொண்டார். பாலைப் படித்த ஊர் இது. அந்தச் சந்தையில் ஒரு குளிர்பெட்டிக் கடை இருந்தால், தக்காளி வாங்க வரும் பெண்ணும் ஒரு துண்டு மொசரெல்லாவை ருசி பார்த்து வாங்குவாள். மாநகராட்சி ஒரே ஒரு கடையையாவது ஒதுக்கலாம்.

அதுவரை என் வழி இது: மடத்துச் சீஸுக்கு முன்கூட்டியே சொல்லிவைப்பது, வந்த இரண்டு நாளுக்குள் தீர்ப்பது, விருந்தன்று காலை ரஸ்ஸல். சித்தி மகள் ஊருக்குக் கொண்டுபோகக் கேட்டபோது மட்டும் பிரீயைக் கொடுத்தேன். ஐஸ் பொட்டலத்தோடு சதாப்தியில் சென்னை வரை அது தாங்கும். கிரீம் நிறைந்த புராட்டாவை அப்படி அனுப்ப மனம் வரவில்லை. அதை இங்கேயே, கிளம்புவதற்கு முன், அவளைச் சாப்பிட வைத்தேன்.