ஷெல்=ட்ரூ போடலாமா, குளோப் போடலாமா?

கானாடுகாத்தான் வீட்டை முகப்பு, வளவு, ரெண்டாங்கட்டுன்னு ஒவ்வொரு கட்டா போட்டோ எடுத்து வெச்சிருக்கோம், அதையெல்லாம் டார் (பல ஃபைலை ஒண்ணா கட்டுற கமாண்ட்) போட்டு பேக்கப் எடுக்கத்தான் தம்பி பைத்தான்ல ஸ்கிரிப்ட் எழுதினான். "அண்ணே, டெர்மினல்ல ஓடுது, ஸ்கிரிப்ட்ல '*.ஜேபிஜி'ன்னு ஃபைலே இல்லங்குது"ன்னு வந்து நிக்கிறான். அந்த ஸ்டாரை ஃபைல் பேரா விரிச்சுக் குடுக்குறது டார் கிடையாதுடா, ஷெல்லு, அதான் டெர்மினல்ல நாம அடிக்கிற கமாண்டைப் படிச்சு ஓட்டுறது. பைத்தான்ல வெளி கமாண்டை ஓட்டுற சப்பிராசஸ் ரன்ல கமாண்டை லிஸ்ட்டா குடுத்தா நடுவுல ஷெல்லே வராது, ஸ்டார் அப்படியே ஸ்டாராவே டாருக்குப் போயிடும்.

சரி, ஷெல் வழியாவே ஓட்டச் சொல்ற ஷெல்=ட்ரூ போட்டா? மொத்த கமாண்டையும் ஒரே ஸ்ட்ரிங்கா குடுக்கணும், லிஸ்ட்டும் குடுத்து ஷெல்=ட்ரூவும் போட்டா லினக்ஸ்ல முதல் வார்த்தை மட்டும்தான் கமாண்டா போகும். ஒரு தடவை ஓட்டிட்டு தூக்கிப்போடுற ஸ்கிரிப்ட்டுக்கு இது போதும். ஆனா எங்க ஃபோல்டர் பேரு 'ஆத்தங்குடி கல்', நடுவுல ஸ்பேஸ் இருக்கா, ஷெல் அதை ரெண்டா வெட்டிடுச்சு. பேரை மேற்கோளுக்குள்ள வைக்கிற ஷ்லெக்ஸ் க்வோட் போட்டு கட்டலாம், ஃபோல்டர் பேருக்கு மட்டும் போடணும், ஸ்டாரையும் சேர்த்துக் கட்டினா மறுபடி விரியாது. அடுத்தவங்க குடுக்குற பேரை அப்படியே ஸ்ட்ரிங்ல சேர்த்தா இன்னும் ஆபத்து, பேருக்குள்ள ஒரு செமிகோலன் இருந்தா அதுக்குப் பின்னாடி இருக்குறது தனி கமாண்டாவே ஓடிடும். விண்டோஸ்ல ஷெல்லா இருக்குற சிஎம்டி ஸ்டாரை விரிக்கவே விரிக்காது.

என் ஓட்டு குளோப்புக்குத்தான். பைத்தான்லயே இருக்குற குளோப்.குளோப், ஸ்டாருக்குப் பொருந்துற ஃபைல் பேரையெல்லாம் லிஸ்ட்டா தரும், அதைக் கமாண்ட் லிஸ்ட் பின்னாடி சேர்த்துட்டா முடிஞ்சுது, ஸ்பேஸ் பத்தின கவலையே இல்ல. வரிசை மட்டும் முன்னபின்ன இருக்கும், சார்ட்டட் போட்டுக்கங்க. ஒண்ணுமே சிக்கலன்னா காலி லிஸ்ட்தான் வரும், எரர் வராது, அதனால டாரைக் கூப்பிடுறதுக்கு முன்னாடி ஒரு இஃப் போட்டுப் பாத்துடுங்க. உள் ஃபோல்டரும் வேணும்னா ரெண்டு ஸ்டாரோட ரிகர்சிவ்=ட்ரூ.

இதே வேலைக்கு பைத்தான்ல பாத்லிப்னு இன்னொண்ணு இருக்கு, எழுத இன்னும் அழகா இருக்கும், ஆனா அது புள்ளியில ஆரம்பிக்கிற மறைவு ஃபைலையும் அள்ளிடும். மேக்ல இருந்து பென்டிரைவ்ல வந்த போட்டோ பக்கத்துலயே புள்ளி, அண்டர்ஸ்கோர்னு ஆரம்பிக்கிற குட்டி ஃபைல் ஒட்டிக்கிட்டு வந்துச்சு, குளோப் அதை விட்டுடுச்சு, பாத்லிப் சேத்துக்கிச்சு.

கேமரா ஃபைல் பேரோட கடைசியில ஜேபிஜிய இங்கிலீஷ் கேப்பிட்டல் எழுத்துல சேவ் பண்ணியிருந்தா லினக்ஸ்ல ஷெல்லு, குளோப் ரெண்டுக்குமே அது வேற பேரு. வளவு ஃபோல்டர்ல பாதி போட்டோ எங்களுக்கு அப்படித்தான் விட்டுப்போச்சு, முதல்ல அதைப் பாத்துடுங்க.