துக்கத்தைப் படிக்க: தத்துவமா, உளவியலா?

அப்பா இறந்த வருஷம் எம்.ஏ. படிக்க வேண்டும் என்று தோன்றியது. எனக்கு அப்போது வயது 41, ராணிப்பேட்டையில் ஒரு தோல் கம்பெனியில் கணக்கு வேலை. எதற்கு இந்த வயதில் படிப்பு என்று கேட்டவர்களிடம் ஏதேதோ சொல்லிச் சமாளித்தேன். செத்துப்போன ஒருவருக்காக மனுஷன் ஏன் இப்படி ஆகிறான் என்று யாராவது உட்கார்ந்து யோசித்திருப்பார்கள் அல்லவா, அதைப் படிக்க ஆசை. வழி இரண்டு இருந்தன: தத்துவம், அல்லது உளவியல். நான் தத்துவம் எடுத்தேன். சத்துவாச்சாரியில் இருக்கும் என் அத்தை மகள் அதே வருஷம் உளவியல் எடுத்தாள், இரண்டாம் ஆண்டில் ஆலோசனைப் பிரிவு. இருவருமே இக்னோவில் (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) தொலைநிலை. எது எப்படி என்று பக்கத்திலிருந்தே பார்க்கக் கிடைத்தது.

நேரில் போய்ப் படிப்பதை முதலிலேயே விட்டுவிட்டேன். தத்துவத்துக்குச் சேப்பாக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ராதாகிருஷ்ணன் நிறுவனம் இருக்கிறது, ஆனால் நான் இருக்கும் காட்பாடியிலிருந்து 130 கிலோமீட்டர். வேலையை வைத்துக்கொண்டு நடக்காது. (அந்த ராதாகிருஷ்ணனே நம் வேலூர் ஊரிசுக் கல்லூரியில் படித்தவர்தான். உறவினர் ஒருவர் படித்து முடித்த புத்தகங்கள் கைக்கு வந்ததால் தத்துவம் எடுத்தார் என்பார்கள். கையில் காசில்லாதவன் பாடம் தேர்ந்தெடுக்கும் விதம் அது.)

வேலை கிடைக்குமா என்று பார்த்தால் உளவியல்தான், பேச்சே இல்லை. வேலூரில் ஆஸ்பத்திரிக்கா பஞ்சம்? தத்துவம் படித்தவனுக்கு இங்கே யாரும் நாற்காலி போட்டு வைக்கவில்லை.

படிக்கக் கிடைப்பது என்று பார்த்தால் என் பக்கம் கனம் அதிகம். துக்கத்துக்கென்று தனித்தாள் கிடையாது, அங்கங்கே சிதறிக் கிடப்பதை நாமே பொறுக்க வேண்டும். எனக்கு முதலில் ஒட்டிக்கொண்டவர் பழைய ரோமாபுரி அறிஞர் சிசரோ. கி.மு. 45-இல் மகள் துல்லியா இறந்ததும் நண்பர் அட்டிகஸ் வீட்டுக்குப் போய், துக்கத்தைக் குறைப்பது பற்றி அங்கே இருந்த அத்தனை நூல்களையும் படிக்கிறார். பிறகு அந்த நண்பருக்கே கடிதம் எழுதுகிறார்: எந்த ஆறுதலும் இந்த வலியிடம் தோற்றுத்தான் போகிறது என்று. அதைப் படித்த ராத்திரி எனக்குக் கொஞ்சம் தூக்கம் வந்தது. அப்புறம் மைக்கேல் சோல்பி என்ற தத்துவப் பேராசிரியரின் புத்தகம், 2021-இல் வந்தது. நாம் யார் என்பதை எவரை வைத்துக் கட்டியிருக்கிறோமோ அவர் போனால்தான் துக்கப்படுகிறோம் என்கிறார். சம்பளத்தைக் கொண்டுபோய் முதலில் அப்பா கையில் கொடுத்துப் பழகியவனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பாடம் ஆங்கிலத்தில். பெரீவ்மென்ட், கிரீஃப், மோர்னிங் என்று மூன்று சொல் வரும், மூன்றும் வேறு வேறு. முதல் மாதம் குழம்பினேன். பிறகு பார்த்தால் நம்மிடமே இருக்கிறது: இழவு, துக்கம், துக்கம் காப்பது. ‘எழவு வீடு’ என்று நாம் சாதாரணமாகச் சொல்லும் அந்தச் சொல்லைத் தொல்காப்பியம் அழுகை பிறக்கும் நான்கு இடங்களில் இரண்டாவதாக வைக்கிறது: இளிவு, இழவு, அசைவு, வறுமை. ஆய்வேட்டில் இதை நுழைத்தபோது எனக்கு இருந்த சந்தோஷம் மதிப்பெண்ணில் தெரியவில்லை.

உளவியலைக் குறைத்துச் சொல்லவில்லை. அப்பா போய்ப் பதினான்கு மாதம் ஆகியும் அம்மா சாயங்காலம் இரண்டு டம்ளரில் டீ ஊற்றி, ஒன்றை அவர் நாற்காலிப் பக்கத்து ஜன்னல் திட்டில் வைப்பார். ஆறினதும் எடுத்துத் துளசிக்கு ஊற்றிவிடுவார். 2022-இல் திருத்தி வந்த அமெரிக்க மனநோய்க் கையேடு, பெரியவர்களுக்குத் துக்கம் பன்னிரண்டு மாதம் தாண்டினால் அதை நோயாகக் கணக்கெடுக்கலாம் என்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலில் ஆறே மாதம். எனக்குப் பகீரென்றது. அத்தை மகள்தான் நிதானமாகச் சொன்னாள்: “நாள் கணக்கு மட்டும் இல்ல மாமா. அன்றாடப் பொழப்பு கெட்டுப்போயிருக்கணும். அத்தை ரேஷன் கடைக்குப் போறாங்க, சீரியல் பாக்குறாங்க, சண்டை போடுறாங்க. அவங்களுக்கு ஒண்ணும் இல்ல.” என் இரண்டு வருஷப் படிப்பில் இந்த மாதிரி உடனே பயன்படும் பதில் ஒன்றுகூட வந்ததில்லை.

இருந்தாலும் நான் தத்துவத்தைச் சொல்வதற்குக் காரணம் ஒன்றே ஒன்று: பாதியில் மூடி வைக்க முடியுமா என்பது. காகிதத்தில் இரண்டு படிப்பும் ஒன்றுதான், குறைந்தது இரண்டு வருஷம், அதிகபட்சம் நான்கு. ஆனால் உளவியலில் செய்முறை உண்டு, இரண்டாம் வருஷம் களப்பயிற்சி உண்டு. எதிரே மனுஷர்கள் உட்கார்ந்திருப்பார்கள். அவளுக்கும் அந்தத் துக்கம் உண்டு: என் அப்பா அவளுக்குத் தாய்மாமன், அவளைத் தோளில் தூக்கி வளர்த்தவர். பயிற்சிக்குப் போன மூன்றாவது வாரம், பிள்ளையைப் பறிகொடுத்த ஓர் அம்மாவிடம் உட்கார வேண்டி வந்தது. வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் திண்ணையில் இருட்டும்வரை உட்கார்ந்திருந்தாள். “நீங்க புத்தகத்த மூடிடலாம் மாமா. நான் அந்த அம்மாவ எப்படி மூடுறது?” என்றாள். மறுநாளும் போனாள், போய்த்தான் ஆக வேண்டும்.

நானோ, தலைத்திவசம் நெருங்கியபோது ஒப்படைப்புகளைப் பரண்மேல் போட்டுவிட்டு நான்கு மாதம் தொடவே இல்லை. திரும்பி வந்தபோது சிசரோ விட்ட இடத்தில் அப்படியே இருந்தார். யாருக்கும் நஷ்டமில்லை. துக்கம் பச்சையாக இருக்கும்போது படிக்க வருகிறவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை.

தனியாகப் படித்ததில் ஒரு குறை: எதிர்வாதம் செய்ய ஆள் இல்லை. அழுவது அறியாமை என்கிற பழைய கிரேக்க, ரோமானியத் தத்துவக்காரர்களான ஸ்டோயிக்குகளோடு நான் சுவரைப் பார்த்துத்தான் சண்டை போட்டேன். வகுப்பில் உட்கார்ந்து படித்திருந்தால் என் கருத்தே மாறியிருக்கலாம். அதேபோல அவளும் இன்று களப்பயிற்சிதான் தன்னை நிமிர்த்தியது என்கிறாள். அதை மறுக்க நான் யார்?

ஒன்று மட்டும் இன்னொரு தரம் செய்தால் மாற்றிச் செய்வேன். அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு இருவருமாகப் போய் ஜூலைச் சேர்க்கைக்கு விண்ணப்பம் போட்டோம். அடுத்த சேர்க்கை ஜனவரியிலேயே இருந்தது.