சுக்ரால்ஃபேட் சிரப்பை எனிமாவாக வைத்துக்கொண்ட அனுபவம்

கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் கரண்ட் (கதிர்வீச்சு சிகிச்சை) வைத்து, எல்லாம் முடிந்தது என்று இருக்கும்போது மலத்தோடு ரத்தம் போக ஆரம்பித்த பெண்களுக்காக இதை எழுதுகிறேன். மருந்து புதிதல்ல. வயிற்றுப்புண்ணுக்குக் குடிக்கக் கொடுக்கிற அதே சுக்ரால்ஃபேட் சிரப்தான். எனக்கு அதை ஆசனவாய் வழியாக வைத்துக்கொள்ளச் சொன்னார் குடல் டாக்டர்.

அதற்கு முன் காட்டிய கிளினிக்கில் மூலம் என்று களிம்பு கொடுத்தார்கள். பழைய ஃபைலை யாரும் புரட்டவில்லை. ஹீமோகுளோபின் இறங்கி, மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கியது. குடல் டாக்டரோ எடுத்ததுமே, "கரண்ட் வெளியே மட்டும் வச்சாங்களாம்மா, உள்ளேயும் வச்சாங்களா?" என்று கேட்டார். கருப்பைவாய்க்கு நேர் பின்னால் மலக்குடல் இருப்பதால் அதன் முன்சுவரிலும் கதிர் படுமாம். அங்குள்ள நுண்ணிய ரத்தக்குழாய்கள் மெல்ல மெல்லச் சுருங்கி அடைபடும். புதிதாக முளைக்கிறவை வலுவில்லாதவை, மலம் உரசினாலே கசியும். மாதங்கள், சிலருக்கு வருஷங்கள் கழித்து இது தலைகாட்டுவது அதனால்தான். குழாய்க் கேமராவை உள்ளே விட்டு ஸ்கோப் போட்டுப் பார்த்தவர், அந்த இடத்தில் சதை எடுத்தால் புண் ஆறாமல் ஓட்டை விழக்கூடும் என்று பயாப்ஸி எடுக்காமல் விட்டார். அந்த நிதானம் எனக்கு மிகவும் பிடித்தது.

சுக்ரால்ஃபேட் புண்ணின் மேல் ஒட்டிக்கொண்டு ஒரு பூச்சு போல் காக்கிறது. சண்டிகர் பி.ஜி.ஐ. மருத்துவமனை மருத்துவர்கள் 1991-இல் வெளியிட்ட ஆய்வில், சல்ஃபாசலசின் மாத்திரையோடு ஸ்டீராய்டு எனிமா வைத்தவர்களைவிட இதை வைத்தவர்களுக்கு நன்றாகக் கேட்டிருக்கிறது. நம் நாட்டிலேயே சோதித்துப் பார்த்த வைத்தியம், விலையும் கையைக் கடிக்காது. அப்படியிருந்தும் இது பல பெண்களுக்குத் தெரியாமல் இருப்பதுதான் என் வருத்தம்.

எனக்கு எழுதித் தந்த அளவு காலையும் இரவும் 20 மி.லி., அதாவது 2 கிராம். 200 மி.லி. பாட்டில் ஐந்து நாள் வரும். கடையில் கவனம் தேவை. ஆக்ஸிடகெய்ன் என்ற மரத்துப்போக வைக்கும் மருந்து கலந்த பாட்டிலை எடுத்து நீட்டுவார்கள். டாக்டர் எனக்கு எழுதியது அது கலக்காதது. லேபிளில் 10 மி.லி.க்கு 1 கிராம் என்று இருக்கிறதா என்றும் பாருங்கள், அளவு மாறினால் கணக்கும் மாறும்.

மலம் கழித்த பிறகு, இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்து, ஜெல் தடவிய மெல்லிய ரப்பர் குழாயைச் சிரிஞ்சில் மாட்டி மெதுவாக ஏற்ற வேண்டும். முதலில் சிஸ்டர் செய்து காட்டினார், அப்புறம் மருமகள் கற்றுக்கொண்டாள். "அத்தை, இதுல என்ன வெக்கம்" என்று அவள் சொன்ன பிறகுதான் எனக்கும் உடம்பு தளர்ந்து கொடுத்தது. பாட்டிலை நன்றாகக் குலுக்குங்கள். குளிராக இருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் வையுங்கள். இல்லாவிட்டால் உடனே வெளியே வந்துவிடும். பாயில் பழைய துணி விரித்துக்கொள்வது நல்லது.

சில வாரங்களில் ரத்தம் குறைந்து, பிறகு நின்றது. ஆனால் மலம் அவசரமாக வருவது முழுதாகப் போகவில்லை. வெளியூர் கிளம்பினால் மாற்றுப்புடவை இன்னும் பையில் இருக்கிறது. நடுவில் மலச்சிக்கலும் வந்தது, முக்கினால் மறுபடி கசியும் என்பதால் அதற்குத் தனியாக மருந்து கேட்டு வாங்கினேன்.

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். ஸ்கோப் பார்க்காமல் யாரும் தாமாக ஆரம்பிக்க வேண்டாம். இதில் நிற்காதவர்களுக்கு ஆர்கான் வாயுவால் கசியும் குழாய்களைச் சுட்டு அடைக்கும் சிகிச்சை இருக்கிறது, அதையும் டாக்டரிடம் கேளுங்கள்.