டயருக்கு சாதா காற்றா, நைட்ரஜனா?

காற்று அடிக்கும் இடத்தில் இப்போது இரண்டு குழாய் தொங்குகிறது. ஒன்றில் கம்ப்ரசர் தொட்டியில் அழுத்தி அடைத்த சாதா காற்று. பெட்ரோல் பங்க்கில் இது இலவசம். இன்னொன்றில் நைட்ரஜன். டயருக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு வால்வுக்குப் பச்சை மூடியும் போட்டுவிடுவார்கள். தினசரி ஓட்டும் கார், பைக்குக்கு சாதா காற்றே போதும் என்பது என் கட்சி.

சாதா காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். சண்டையெல்லாம் மீதியிலுள்ள 21 சதவீத ஆக்ஸிஜனைப் பற்றியது. அது ரப்பர் வழியே சீக்கிரம் கசியும், நைட்ரஜன் மெதுவாகக் கசியும். இது உண்மை. பொருட்களைச் சோதித்துப் பார்க்கும் அமெரிக்க அமைப்பான கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் 31 மாடல் டயர்களில் 30 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) அடித்து ஒரு வருஷம் வைத்துப் பார்த்தது. நைட்ரஜனில் சராசரியாக 2.2 பிஎஸ்ஐ இறங்கியது, சாதா காற்றில் 3.5. மாதம் ஒருமுறை ப்ரெஷர் பார்ப்பவருக்கு இது பெரிய வித்தியாசமே இல்லை.

இன்னொரு விஷயம். டயரை முழுக்க இறக்கினாலும் உள்ளே வெளிக்காற்றின் அழுத்தத்துக்குச் சமமான காற்று மிஞ்சும். அதன்மேல் சுத்தமான நைட்ரஜனையே 32 பிஎஸ்ஐ வரை அடித்தாலும் 93 சதவீதத்தைத்தான் எட்டும். இரண்டு மூன்று முறை இறக்கி ஏற்றினால்தான் அதற்கு மேல் போகும். எத்தனை கடையில் அப்படிச் செய்கிறார்கள்?

"வெயிலுக்கு நைட்ரஜன் விரியாது சார்" என்பதையும் நம்ப வேண்டாம். 10 டிகிரி சூடு ஏறினால் கார் டயரில் ஏறத்தாழ ஒன்றரை பிஎஸ்ஐ கூடும். காய்ந்த காற்றானாலும் நைட்ரஜனானாலும் அதே கணக்குதான்.

நைட்ரஜன் நிஜமாகவே ஜெயிக்கும் இடம் ஈரம். கம்ப்ரசர் உறிஞ்சும் காற்றிலுள்ள ஈரம் தொட்டியின் அடியில் தண்ணீராகத் தேங்கும். அடிவால்வைத் திறந்து அதை வடிக்காத கடையில், குழாய் முனையை உள்ளங்கையில் வைத்து அழுத்தினால் கை நனையும். அந்தத் தண்ணீர்தான் டயருக்குள்ளும் போகிறது. அப்படிப்பட்ட கடையை நான் தவிர்த்துவிடுவேன்.

விமானத்தில் மட்டும் விவாதத்துக்கே இடமில்லை. 1986 மார்ச் 31 அன்று மெக்சிகானா நிறுவனத்தின் போயிங் 727 ஒன்றில் பிரேக் கடுமையாகச் சூடேறி, நைட்ரஜனுக்குப் பதில் காற்று அடித்திருந்த டயர் நடுவானில் வெடித்தது. 167 பேர் இறந்தார்கள். அடுத்த ஆண்டே அமெரிக்க விமானத்துறை, பெரிய விமானங்களின் பிரேக் உள்ள சக்கரங்களில் ஆக்ஸிஜன் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று உத்தரவு போட்டது.

ஏற்கெனவே நைட்ரஜன் அடித்திருக்கிறீர்களா? குறைந்தால் சாதா காற்றைத் தாராளமாகக் கலக்கலாம். நைட்ரஜன் கடை வரட்டும் என்று காற்று குறைந்த டயரோடு நான்குவழிச் சாலையில் ஓட்டாதீர்கள். பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடேறி டயர் வெடிப்பது அப்படித்தான்.