புரோஸ்டேட் ஆபரேஷன் முடிந்தவர்களே, இந்த ‘மீட்பு பேக்கேஜ்’ பக்கம் போய்விடாதீர்கள்

நேற்று சாயங்காலம்தான் இந்தப் பேக்கேஜை எனக்கு விற்றவர்களின் நம்பர் என்னை பிளாக் செய்தது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். இதே ஆபரேஷன் செய்துகொண்டு, யாரிடமும் சொல்ல முடியாமல் வீட்டுக்குள் குமைந்துகொண்டிருக்கும் ஒருவர் இன்று ராத்திரி அதே விளம்பரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். என்னிடமிருந்து போனது மூன்று மாத ஓய்வூதியம்.

பெயரைப் போடவில்லை. போனில் ஆலோசனை சொல்லி, கூரியரில் மருந்தும் கருவியும் அனுப்புகிற ஆன்லைன் ‘ஆண்கள் நல மையம்’. நாளைக்கு வேறு பெயரில் வருவார்கள், வகையைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

புற்றுநோய் என்பதால் புரோஸ்டேட்டை, அதாவது ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பியை, முழுதாக எடுத்துவிட்டார்கள். ஆபரேஷன் நல்லபடியாகவே முடிந்தது. சிறுநீர் டியூபை எடுத்த பிறகுதான் அவஸ்தை ஆரம்பித்தது. இருமினால் சொட்டும், நாற்காலியை விட்டு எழுந்தால் சொட்டும், பேரனைத் தூக்கினால் பேட் நனைந்துவிடும். விறைப்பு சுத்தமாக இல்லை. அதைப் பற்றி மனைவியிடம்கூட வாய் திறக்கவில்லை. ஆஸ்பத்திரியில் கேட்டால் “போகப் போகச் சரியாகிடும்” என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

இந்த நிலையில்தான் அந்த மையத்திலிருந்து போன் வந்தது. பேசிய பெண் கேட்ட முதல் கேள்வி, “ஐயா, ராத்திரி படுக்கையில நனையுதா, இல்ல பகல்ல எழுந்து நடமாடும்போது மட்டுமா?” விஷயம் தெரிந்தவர் கேட்கிற கேள்வி அது. அப்புறம், “அம்மாகிட்ட மனசு விட்டுப் பேச முடியுதா?” என்றார். அதற்கு முன்னால் யாருமே அதைக் கேட்டதில்லை. எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. “எங்கப்பாவுக்கும் இதே ஆபரேஷன்தான் ஐயா. இப்ப பேட் இல்லாமத்தான் வெளியே போயிட்டு வர்றார்” என்றார். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் மூன்று மாத ஓய்வூதியத்தை அனுப்பினேன். வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர் வீடியோவில் வந்து, 45 நாளில் கசிவு நிற்கும், 90 நாளில் எல்லாம் பழையபடி ஆகும் என்று உறுதி சொன்னார்.

வந்தது மூன்று டப்பா கேப்சூல், ஒரு எண்ணெய், ஒரு பெல்ட். கேப்சூல் டப்பாவில் ‘100% மூலிகை’ என்று பெரிதாக இருந்தது, என்ன மூலிகை, எவ்வளவு என்று ஒரு வரி இல்லை. ‘இடுப்புத்தளத் தசைக்கான கருவி’ என்று ஸ்டிக்கர் ஒட்டிய பெல்ட்டில் ஸ்டிக்கரின் ஓரம் பிரிந்திருந்தது. உரித்துப் பார்த்தேன். அடியில் முதுகுவலிக்கான மசாஜ் பெல்ட் என்று அச்சடித்திருந்தது.

கேப்சூல் போட்ட நாளெல்லாம் முகம் காந்தியது, தலை வலித்தது. சொன்னால், “மருந்து வேலை செய்யுது ஐயா” என்றார்கள். கசிவு குறையவில்லை என்றதும் “பத்தியம் சரியா இருந்தீங்களா?” பெல்ட்டைப் பற்றிக் கேட்டால் “டெக்னிக்கல் டீம் கூப்பிடுவாங்க.” யாரும் கூப்பிடவில்லை. அப்புறம் “அடுத்த கட்ட பேக்கேஜ் எடுத்தாத்தான் பலன் தெரியும்.” பணத்தைக் கேட்டபோது “திறந்த டப்பாவைத் திரும்ப எடுக்க மாட்டோம்.” முதல் நாள் பேசிய பெண் அதற்குப் பிறகு லைனுக்கே வரவில்லை. கடைசியாகப் பேசியவன் சொன்னதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை: “புகார் குடுத்தா உங்க பிரச்சினை என்னன்னு எல்லாருக்கும் தெரியும், பரவாயில்லையா?” எங்கள் வெட்கத்தை நம்பித்தான் இவர்கள் கடை விரித்திருக்கிறார்கள். மூன்று மாத ஓய்வூதியம் போனாலும் மூச்சு விடமாட்டான் என்று கணக்கு.

வேறொரு யூராலஜிஸ்டை, சிறுநீரக மற்றும் சிறுநீர்ப்பாதை மருத்துவரை, பார்த்தேன். அவர் முதலில் கேட்டது, “நரம்பை ஒரு பக்கம் காப்பாத்தினாங்களா, ரெண்டு பக்கமுமா?” வெள்ளைக் கோட்டுக்காரர் இதைக் கேட்கவே இல்லை. விறைப்புக்கான நரம்புகள் புரோஸ்டேட்டின் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டு போகின்றன. அவற்றை விட்டுவைத்து ஆபரேஷன் செய்யும் முறையை 1982இல் பாட்ரிக் வால்ஷ் என்ற அமெரிக்க மருத்துவர் தொடங்கினார். காப்பாற்றிய நரம்புகளும் இழுபட்டு அதிர்ச்சியில்தான் இருக்குமாம். தேறி வர ஒன்றரை, இரண்டு வருஷம்கூட ஆகலாம், எல்லோருக்கும் முழுதாகத் திரும்பும் என்றும் சொல்ல முடியாது. விந்து இனி வராது, ஆனால் உச்ச உணர்வு வரும். இதை அங்கே ஒருவரும் சொல்லவில்லை.

கசிவுக்கும் காரணம் உண்டு. சிறுநீரை அடக்கும் உள் வால்வு பகுதியும் ஆபரேஷனில் போய்விடுகிறது, பாரம் முழுக்க வெளி வால்வுத் தசை மேல் விழுகிறது. சிறுநீரை அடக்க உதவும், இடுப்புக்கு அடியில் இருக்கும் இடுப்புத்தளத் தசையைப் பழக்கினால் பெரும்பாலானவர்களுக்குச் சில மாதங்களிலிருந்து ஒரு வருஷத்துக்குள் நன்றாகக் குறைகிறது. அதாவது பாதிப் பேருக்கு மேல் தானாகவே தேறி வரும் காலத்தில் இவர்கள் கேப்சூலை விற்கிறார்கள். தேறினால் பெயர் கேப்சூலுக்கு, தேறாவிட்டால் பழி பத்தியத்துக்கு.

முகம் காந்தியதைச் சொன்னதும் டாக்டர், “நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை எதுவும் சாப்பிடுறீங்களா?” என்று பதறிக் கேட்டார். மூலிகை என்ற பெயரில் சில்டனாஃபில் (வயாக்ராவில் இருப்பது) போன்ற விறைப்பு மருந்தைச் சொல்லாமல் கலப்பது பல முறை பிடிபட்டிருக்கிறது. நைட்ரேட்டோடு அது சேர்ந்தால் ரத்த அழுத்தம் சடாரென்று விழுந்து உயிரே போகலாம். நான் நைட்ரேட் எடுப்பதில்லை. எடுப்பவர் ஒருவர் இந்த டப்பாவைத் திறந்திருந்தால்? இதைவிடப் பாவம் ஒன்று: “பி.எஸ்.ஏ. டெஸ்ட் எல்லாம் இனி எதுக்கு ஐயா, பயந்தான் வியாதி” என்றும் அந்த மையத்தில் சொல்லியிருந்தார்கள். புரோஸ்டேட்டில் உருவாகும் ஒரு புரதத்தை ரத்தத்தில் அளக்கும் டெஸ்ட் அது. புரோஸ்டேட்டே இல்லாதவருக்கு அந்த அளவு கிட்டத்தட்ட இல்லாமலே இருக்க வேண்டும். அது ஏறுவதுதான் நோய் திரும்புவதன் முதல் தடயம். அந்த டெஸ்டை நிறுத்தச் சொல்கிறவனை என்னவென்று சொல்வது?

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுத நினைத்தேன், கை நடுங்குகிறது. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாள் குறித்து உறுதி தருகிறவனிடம் பணம் கட்டாதீர்கள். உட்பொருள் எழுதாத டப்பாவை வாயில் போடாதீர்கள். பயிற்சியை இடுப்புத்தளம் தெரிந்த பிசியோதெரபிஸ்டிடம் ஒரு முறை நேரில் கற்றுக்கொள்ளுங்கள், பலர் வயிற்றை இறுக்கிக்கொண்டு அதுதான் பயிற்சி என்று நினைக்கிறார்கள். கசியுமே என்று தண்ணீரைக் குறைக்காதீர்கள், சிறுநீர் கெட்டியானால் சிறுநீர்ப்பை இன்னும் எரிச்சலாகும். ஒரு வருஷம் கழித்தும் கசிவு நிற்காவிட்டால் ஸ்லிங் (சிறுநீர்க் குழாயைத் தாங்க உள்ளே வைக்கும் பட்டை), செயற்கை வால்வு என்று ஆபரேஷன் வழி இருக்கிறது. விறைப்புக்கும் மாத்திரை, வெற்றிடப் பம்பு, ஊசி, இம்பிளாண்ட் எல்லாம் உண்டு. டாக்டரிடம் வாய் விட்டுக் கேளுங்கள், அவர் அவசரப்பட்டால் இன்னொருவரிடம் கேளுங்கள்.

பில், சாட், உரித்த ஸ்டிக்கரின் போட்டோ எல்லாவற்றையும் வைத்து நுகர்வோர் புகார் எழுதிக்கொண்டிருக்கிறேன். என்ன பிரச்சினைக்கு வாங்கினேன் என்பதையும் அதில் முழுதாகவே எழுதியிருக்கிறேன். மனைவிதான் பக்கத்தில் உட்கார்ந்து தேதிகளைச் சரிபார்க்கிறாள். மூன்று மாத ஓய்வூதியத்தை விடப்போவதில்லை. உங்களுக்கும் இதே மாதிரி ஸ்டிக்கர் ஒட்டிய பெல்ட் வந்திருந்தால் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள், எனக்குத் தனியாக எழுதுங்கள், சேர்ந்தே புகார் கொடுக்கலாம்.